ஒப்பு வேறு, ஒப்புதல் வேறு

அன்புள்ள சிவாவுக்கு,

பேரைத் திரும்பப் பெற மாட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ எதையும் முதல் வரி படித்துவிட்டு மூடி வைக்கிற ஆள். செவ்வாய்க்கிழமை காலையில் கொச்சியிலிருந்து போன் செய்தாய். சாப்பிட்டாயா, முட்டுவலி எப்படி என்று ஒன்றும் கிடையாது. "அம்மா, அந்த ஸ்கூல் பி.டி.ஏ. எலெக்‌ஷன்ல இருந்து பேரைப் பின்வலிச்சிரு, ப்ளீஸ். அடுத்த மாசம் கல்யாணத்தை வச்சுக்கிட்டு சம்பந்தி கூடவா போட்டி போடப் போற?" என்றாய். அப்போது என் பஸ் கிழக்கேகோட்டையில் நின்றுகொண்டிருந்தது. படியில் பதினைந்து பேர், ஒரு கையில் டிக்கெட் மெஷின், மறுகையில் நீ. "வைடே போனை" என்று கத்திவிட்டேன். முன்சீட்டில் இருந்த ஒரு பெரியவர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இன்று வியாழன், எனக்கு ஓய்வு நாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிலீஷ் எழுத்தில் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பியிருக்கலாம், அதைத்தான் நீ கடகடவென்று படிப்பாய். வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். உன்னால் கடைப் பலகை படிப்பதுபோல எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும் என்று தெரியும். கூட்டிப் படி. மெதுவாகப் படித்தால்தான் மண்டையில் ஏறும். இதை மடித்து ஒட்டப் போவதும் இல்லை. உன் அப்பா படிக்கட்டும், நீ கட்டப் போகிற ஆதிரா யாரிடமாவது கொடுத்துப் படித்துக் கேட்கட்டும், அவள் அப்பா சுகுமாரன் சாரும் கேட்கட்டும். இருபத்திரண்டு வருடமாக அரசு பஸ்ஸில் கத்திக் கத்திக் காய்ந்த தொண்டை இது, ரகசியம் பேச இதற்கு வராது.

நடந்தது என்ன என்று சுகுமாரன் சார் உன்னிடம் சொன்னதைத் தவிர வேறு எதுவும் உனக்குத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை. உனக்குப் பதிமூன்று வருடம் கழித்துப் பிறந்தவள் தேவி, நீ படித்த அதே பள்ளியில் இப்போது ஒன்பதாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் மலையாளம் படிக்கிற பீரியடில் அவளைப் போன்ற சிலர் மட்டும் எழுந்து, ஸ்டாஃப் ரூமுக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குப் போய்த் தமிழ் படிப்பார்கள். எட்டு, ஒன்பது, பத்து மூன்று வகுப்பும் சேர்த்துப் பதினொரு பேர். கரமனைப் பிள்ளைகள் ஐந்து, ஸ்ரீவராகத்திலிருந்து இரண்டு, சாலை பஜார்க் கடைகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் நான்கு. அவர்களுடைய டீச்சர் மார்ச்சோடு ஓய்வு பெற்றார். ஜூனில் பள்ளி திறந்து மூன்று வாரம் அந்தப் பதினொரு பேரும் டீச்சர் இல்லாத அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது வாரம் அந்த அறையில் கம்ப்யூட்டர் பெட்டிகள் வந்து இறங்கின. பிள்ளைகளை மலையாள வகுப்பில் பின்பெஞ்சில் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். தேவி வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள். "அடுத்த வருஷம் பத்தாம் கிளாஸ் பரீட்சைக்கு நான் என்னத்தம்மா எழுத? அவங்க கவிதை படிக்காங்க, நான் அட்சரம் படிக்கேன்" என்றாள்.

நான் எச்.எம். டீச்சரைப் போய்ப் பார்த்தேன். தினச்சம்பளத்துக்கு ஒரு தமிழ் டீச்சரை வைக்க ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் அலமாரியைத் திறந்து நீளமான மினிட்ஸ் புத்தகத்தை எடுத்தார். போன வருடத்துப் பெற்றோர் பொதுக்கூட்டத்தின் பக்கம். தமிழ் படிக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு, இருக்கிற டீச்சர் ஓய்வு பெற்றதும் அவர்களை மலையாளத்துக்கு மாற்றிவிட்டு அறையைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுயோகம் 'ஐககண்டேன' தீர்மானித்ததாக எழுதியிருந்தது. நாம் ஏகமனதாக என்கிறோமே, அதற்கு மலையாளத்தில் அந்த வார்த்தை. ஒரே கண்டத்தால், ஒரே தொண்டையால் என்று அர்த்தம். அதற்குக் கீழே வரிசையாகப் பெற்றோரின் கையெழுத்து. எச்.எம். முப்பத்தேழாவது பெயரில் விரலை வைத்து, "சேச்சி, இது நிங்ஙளுடெ ஒப்பல்லே?" என்று கேட்டார்.

என்னுடையதுதான். கடைசி எழுத்துக்குக் கீழே நான் போடுகிற கோடுகூட அப்படியே இருந்தது. மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து. தமிழில் ஒப்பு என்றால் சம்மதம். இத்தனை வருடம் இரண்டு மொழியிலும் வயிறு வளர்த்திருக்கிறேன், இந்த ஒரு வார்த்தை இப்படிக் காலை வாரும் என்று நினைக்கவில்லை. நான் போட்டது மலையாள ஒப்பு. அவர்கள் எழுதிக்கொண்டது தமிழ் ஒப்பு. என் மகளின் வகுப்பை மூடிய தீர்மானத்துக்கு அடியில் என் பெயர் உட்கார்ந்திருக்கிறது.

எப்படி வந்தது என்றும் சொல்கிறேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு எனக்கு இரண்டரை மணிக்கு டியூட்டி. ஹால் வாசலில் மேசை போட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்கள். மேல் பாதி காலி, கீழ்ப் பாதியில் வந்தவர்கள் கையெழுத்து. நானும் போட்டேன். ஒரு டீயும் பருப்புவடையும் வாங்கிக்கொண்டு, சுகுமாரன் சார் வரவேற்புரையைத் தொடங்குவதற்குள் பின்வாசல் வழியாக ஓடிவிட்டேன். அன்றைக்கு மட்டுமில்லை, உனக்குப் பன்னிரண்டு வருடம், தேவிக்கு எட்டு வருடம், ஒரு கூட்டத்திலாவது கடைசிவரை நான் உட்கார்ந்ததில்லை. பி.டி.ஏ. என்றால் மடிப்புக் கலையாத சட்டை போட்டவர்கள் செய்கிற வேலை, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை சிவா. காலிப் பக்கத்துக்கு அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வடையைத் தின்றவள் நான்தான்.

மறுநாள் கல்வி ஆபீசுக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்தவர், "பி.டி.ஏ.யுடெ அபேட்ச வரட்டே. பிரசிடெண்டிண்டெ ஒப்பு வேணும்" என்றார். பி.டி.ஏ. கேட்டு எழுதினால் டீச்சரை வைப்பது பற்றிப் பார்க்கலாமாம். பிரசிடெண்ட் யார்? உன் வருங்கால மாமனார். அது நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். நன்றாக உபசரித்தார், நேந்திரங்காய் உப்பேரி எடுத்து வைத்தார். விஷயத்தைச் சொன்னதும், "சம்பந்தி, பதினொண்ணு குட்டிகள்க்கு வேண்டி ஞான் எந்து செய்யானா? கம்ப்யூட்டர் அறுநூறு குட்டிகள்க்கல்லே?" என்றார். "சாரே, என் பஸ்ல கடைசி ட்ரிப்புல பதினொரு பேருதான் இருப்பாங்க. அதுக்காக நடுவழியில எறங்கி நடங்கன்னு சொல்லதில்லையே" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு மண்டபத்துச் சமையல்காரரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. பள்ளியின் மதிலைக் கட்ட வைத்தது அவர். பெண்பிள்ளைகளின் கக்கூசுக்குக் கதவும் தண்ணீரும் வந்தது அவர் அலைந்த அலைச்சலில்தான். ஆனால் நல்லது செய்கிறவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. எது நல்லது என்று கேட்கவே வேண்டாம் என்று நினைத்துவிடுவார்கள். அதனால்தான் கமிட்டிக்குள்ளே போய் உட்கார்ந்து கேட்பது என்று தீர்மானித்தேன். அங்கே தேர்தல் என்று ஒன்று எப்போதும் நடப்பதில்லை. பெற்றோர் சார்பில் பத்துப் பேரின் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். கூட்டத்தில் வாசிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள், அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பிரசிடெண்ட். பதினோராவதாக ஒரு பெயர் வந்தால் மட்டும் ஓட்டெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். திங்கட்கிழமை அந்தப் பதினோராவது பெயரை எழுதி எச்.எம். கையில் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததுமே சுகுமாரன் சார் உனக்குப் போன் செய்தார். என்னைத் தெரியும், என் நம்பர் தெரியும், என் பஸ் நேரம்கூடத் தெரியும். என்னிடம் சொல்லாமல் என் மகனிடம் சொன்னார் பார், அதுதான் எனக்குக் கொதிக்கிறது. நீயும் அவர் சொன்னதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாய்.

நீ ஏன் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தவளே நான். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று, மனுவில் முதல் மொழி என்று ஒரு இடம் இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்து, "அம்மே, மலையாளம் போரே?" என்றார். மலையாளம் போதாதா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "போதும் டீச்சர்" என்றேன். பேனா என் கையில்தான் இருந்தது. தமிழ் என்று எழுதியிருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்துவிட்டு, மலையாளத்தைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டு வந்தவள் நான். சில்லறை கேட்டால் "பாண்டிக்கு நாக்கைப் பார்" என்று என் தமிழைக் கேலி செய்வார்கள். என் பிள்ளையை ஒருவனும் அப்படிச் சொல்லக் கூடாது என்று அந்த ஒரு வார்த்தையில் உன் எழுத்தைப் பிடுங்கிக்கொண்டேன். ஆனாலும் சொன்னார்கள், இல்லையா?

நாலாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்கு யூனிஃபார்மோடு வந்தேன். கேட்டருகே நீ என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, உள்ள வந்து தமிழ் பேசாத. ஒண்ணும் பேசண்டாம்" என்றாய். நான் பேசவில்லை. நீ கணக்கில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாய் என்று டீச்சர் சொன்னார். நீ எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், முந்தின நாள் அதே மாதிரிக் கணக்கை என் முன்னால் உட்கார்ந்து போட்டாய். "சரி டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது கரமனைப் பாலத்தில் நின்று அழுதாய். "நீ ஏன்மா ஒண்ணும் பறயல?" என்று கேட்டாய். பேசாதே என்றதும் நீதான், ஏன் பேசவில்லை என்றதும் நீதான். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படித்தான் இருக்கும். தாய் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கல்யாணம் ஆகப் போகிற மகனுக்குத் தாய் ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். ஆதிரா ஒரு விஷயத்தை வேண்டாம் என்றால் அவள் அப்பாவுக்குப் போன் செய்யாதே, அவளிடம் ஏன் என்று கேள். வீட்டில் ஐககண்டேன என்று ஒன்று இருக்கவே கூடாது. இருந்தால் யாரோ யாருடைய தொண்டையையோ அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உன் அப்பாவும் நானும் இத்தனை வருடத்தில் ஒரு சாம்பாருக்குக்கூட ஒத்துப்போனதில்லை, குடும்பம் நடக்கத்தான் செய்கிறது. இந்த விஷயத்திலும் அவர், "எதுக்குட்டி இந்த வம்பு? கல்யாணம் முடியட்டு, பொறவு பாப்பம்" என்றார். "கல்யாணம் முடிஞ்சா அவரு சம்பந்தி. பொறவு எங்க பாக்க?" என்றேன். "இப்பவும் சம்பந்திதானட்டி." "இப்ப பாதி சம்பந்திதான்" என்றேன். அவர் சாலை பஜாருக்குக் கடை திறக்கக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கும் ஒரு ஓட்டு உண்டும் இல்லியா?" என்று கேட்டார். உண்டு என்றேன். சந்தோஷமாகப் போனார்.

இன்றைக்கு இங்கே நிறுத்துகிறேன். நாளைக் கூட்டத்தில் நடப்பதையும் சேர்த்து எழுதித்தான் அனுப்புவேன்.

சனிக்கிழமை

தோற்றுவிட்டேன். இதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஹால் வாசலில் அதே மேசை, அதே புத்தகம், மேல் பாதி காலி. பேனாவை நீட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் போடுகிறேன் என்றேன். "எல்லாவரும் இப்போழா இடுன்னது" என்றார் அங்கே இருந்த ஆள். "எல்லாரும் ஏறும்போது டிக்கெட் எடுக்கட்டும், நான் எறங்கும்போது எடுக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். டீ குடித்தேன், வடையைத் தொடவில்லை.

பட்டியலை வாசித்தார்கள். பத்துப் பெயர். எச்.எம். என் பக்கம் பார்க்காமலே, "அப்போள் ஐககண்டேன..." என்று தொடங்க, முன்வரிசை கைதட்ட ஆரம்பித்தது. நான் எழுந்தேன். "ஒரு நிமிஷம் டீச்சர். என் பேரும் இருக்கு." எனக்கு மைக் தேவைப்படாது என்று உனக்குத் தெரியும். கைதட்டல் நின்றது. பின்னாலிருந்து ஒருவர், "மலையாளத்தில் பற, சேச்சி" என்றார். "ரெண்டுலயும் பறயாம். ரெண்டுக்கும் சார்ஜ் ஒண்ணுதான்" என்றேன். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வருடம் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளை இந்த வருடம் அட்சரம் படிக்கச் சொல்லாதீர்கள் என்றேன். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு வேறு அறை பார்ப்போம் என்றேன். போன வருடம் படிக்காமல் ஒப்பிட்டது என் தப்பு என்பதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"பின்தாங்ஙான் ஆரெங்கிலும் உண்டோ?" என்று எச்.எம். கேட்டார். ஆதரித்து ஒருவர் எழ வேண்டும். எழுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்த தமிழ்க்காரர் இரண்டு பேர் ஹாலில் இருந்தார்கள். ஒருவர் தரையைப் பார்த்தார், இன்னொருவர் போனைப் பார்த்தார். உன் அப்பா எழப் போனார், வீட்டு ஆள் கூடாது என்று உட்கார்த்திவிட்டார்கள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது ஷீபா எழுந்தாள். என் பஸ்ஸில் தினமும் மெடிக்கல் காலேஜுக்குப் போகிறவள், ஒரு லேபில் வேலை, மகன் எட்டாம் வகுப்பு. நாங்கள் அதுவரை பேசியதெல்லாம் டிக்கெட், சில்லறை, மழை. "ஞான் பின்தாங்ஙுன்னு" என்றாள். "எண்டெ மோன் தமிழ் படிக்குன்னில்ல. பட்சே ஞானும் எல்லாக் கொல்லமும் ஒப்பிட்டிட்டுப் போகுன்ன ஆளா. நாளெ அவண்டெ காரியமும் இதுபோலெ எழுதில்லே?" ஒவ்வொரு வருடமும் ஒப்பிட்டுவிட்டு ஓடுகிறவள் நான் ஒருத்தி மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

துண்டுக் காகிதம் கொடுத்து ஓட்டெடுத்தார்கள். எண்ண ஒரு மணி நேரம் ஆயிற்று. சுகுமாரன் சாருக்குத்தான் அதிகம். எனக்கு எழுபத்து நான்கு, பதினொரு பேரில் கடைசி. பத்தாவது ஆளுக்கும் எனக்கும் பத்தொன்பது ஓட்டு வித்தியாசம். அழுகை வந்தது. சேலைத் தலைப்பால் வியர்வை துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் கூட வந்திருந்த தேவி என் காதில் சொன்னாள். "அம்மா, நம்ம ஆளுங்க வந்திருக்கதே பதினாலு பேரு. மீதி அறுபது ஆரு?" திரும்பி ஹாலைப் பார்த்தேன். யார் என்று தெரியவில்லை. எல்லோரும் என் பயணிகள் மாதிரி இருந்தார்கள்.

கிளம்பும் நேரத்தில் புத்தகத்தைக் கையெழுத்துக்குக் கொண்டு வந்தார்கள். வாங்கி உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன், வாய்விட்டு, மலையாளத்தில். எழுதியவர் கைப்பழக்கத்தில் 'ஐககண்டேன தெரஞ்ஞெடுத்து' என்று எழுதியிருந்தார். "எழுபத்து நாலு பேரு வேற சொன்ன பெறகும் ஐககண்டமா சாரே?" என்று கேட்டேன். அவர் எச்.எம். முகத்தைப் பார்த்தார். எச்.எம். தலையசைத்தார். அந்த வார்த்தையை அடித்து, மேலே ஓட்டெடுப்பில் என்று எழுதி, பக்கத்தில் எச்.எம். சுருக்கக் கையெழுத்துப் போட்டார். தமிழ் டீச்சர் விஷயத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று ஒரு பெற்றோர் கேட்டுக்கொண்டார் என்பதையும் ஒரு வரியாக எழுத வைத்தேன். பதினைந்து நிமிடம் எல்லோரும் பின்னால் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். பிறகுதான் ஒப்பிட்டேன்.

வெளியே சுகுமாரன் சார் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. "நிங்ஙள் என்னெ நாணங்கெடுத்தி. நிங்ஙளுடெ மோனெ ஞான் மோனாயிட்டா காணுன்னது" என்றார். நான் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேனாம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. "நானும் ஆதிராவை மகளாத்தான் பாக்கேன் சாரே" என்றேன். "அவளும் ஒருநாள் என் முகத்துக்கு நேரே மாட்டேன்னு சொல்லுவா. அப்பம் நான் உங்களுக்கு போன் போட மாட்டேன்." அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது நடந்து அரை மணி நேரத்தில் உன் மெசேஜ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் காரியம் பேச அங்கே போகும்போது ஒரு சாரி சொல்லிவிடு, அதோடு தீர்ந்தது என்று. சாரி சொல்ல மாட்டேன். ஒருவர் எழுந்து நின்றதற்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கத்தை நான் தொடங்கி வைத்தால் தேவி அதை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிப்பாள். இந்தக் கல்யாணம் என்னால் நின்றுபோகும் என்று பயந்தால், இவ்வளவுக்கே நின்றுபோகிற கல்யாணம் அதுவரை எதில் நின்றது என்று நீயே யோசித்துப் பார். ஆதிராவுக்குப் போன் செய்து கேள், அவள் உன்னைவிடத் தெளிவாக இருப்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஆனால் நாளைக்கு அங்கே கட்டாயம் போவேன். வெற்றிலை பாக்கோடு, பழத்தோடு, முகம் நிறையச் சிரிப்போடு போவேன். அவர்தான் இந்த வருடமும் பிரசிடெண்ட். கல்வி ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய மனுவை இன்று காலையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்திருக்கிறேன், ஷீபா மலையாளத்தைத் திருத்திக் கொடுத்தாள். அடியில் அவர் ஒப்பிட இடம் விட்டிருக்கிறது. நான் நீட்டினால் அவர் கண்ணுக்கு எதிர்க்கட்சிக்காரி நீட்டுவதாகத்தான் தெரியும். நீட்ட வேண்டிய ஆள் நான் இல்லை.

இதைத் தேவி பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து இப்போதே உனக்கு அனுப்புவாள். நீ இங்கே வர ரயிலில் நாலு மணி நேரம் இருக்கிறது, கூட்டிப் படித்து முடிக்கலாம். நாளை அவர் வீட்டில் காபி வந்ததும் அந்த மனுவை உன் கையில் தருவேன். உன் தங்கைக்காக நீதான் கேட்க வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் கேள், எல்லோரும் கேட்கிற மாதிரி மட்டும் கேள். கேட்பாயா மாட்டாயா என்று இப்போது எனக்குப் போன் செய்து சொல்லாதே. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா